ராஸ்பெரி பையின் நான்கு கோர்களும் ஒரே கிணற்றை எழுதினால்: கேர்னல் மொடியூலில் டேட்டா ரேஸ்

உப்பாறு கேட்கிறார்:

வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கேர்னலுக்குள் முதன்முறையாகக் கைவைத்திருக்கும் இறுதியாண்டு மாணவி நான். செயற்றிட்டத்துக்காகத் தோட்டக் கிணறுகளைக் கண்காணிக்கும் கருவி ஒன்றைச் செய்து வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போலத் தங்கி நிற்பதால், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவராகிவிடும் என்பதை இங்கே வெங்காயமோ புகையிலையோ நட்ட எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நீர்மட்டம், நீரின் மின்கடத்துதிறன், இறைத்த நீரின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிவதற்கு ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் ஒரு கேர்னல் மொடியூல் (கேர்னலோடு சேர்ந்து ஓடும் நிரல் துண்டு) எழுதினேன்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் அதன் பெறுமானங்களைத் தொகுத்து வைக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் உண்டு. அவை ஒரு லிங்க்ட் லிஸ்டில் கோக்கப்பட்டுள்ளன. அந்த ஸ்ட்ரக்டை நான்கு இடங்களிலிருந்து தொடுகிறேன். பாய்ச்சல்மானியின் ஒவ்வொரு துடிப்புக்கும், நடக்கும் வேலையை இடைமறித்து ஓடுகிற இன்டரப்ட் ஹேண்ட்லர் எண்ணியை ஒன்றால் கூட்டுகிறது. விநாடிக்கு ஒரு முறை பின்னணியில் ஓடும் வேர்க்கியூ வேலை, உணரிகளை இணைக்கும் ஐ-டூ-சி தடம் வழியாக முதலில் நீர்மட்டத்தை வாசித்து ஸ்ட்ரக்டில் எழுதி, பின்னர் கடத்துதிறனை வாசித்து எழுதி, நேரத்தையும் இடுகிறது. அதே வேலைதான் எண்ணியை வாசித்து, பாய்ச்சலைக் கணக்கிட்டு, சீரியல் கொன்சோலில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு, எண்ணியைப் பூச்சியமாக்குகிறது. டிவைஸ் கோப்பை வாசிக்கும் நிரலுக்கு இந்தப் பெறுமானங்கள் கொப்பி செய்யப்படுகின்றன. கிணற்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் கேர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்-எஃப்எஸ் வழியாக நடைபெறுகின்றன.

ஒற்றைக் கோர் (ப்ரொசெசருக்குள் தனித்து இயங்கும் அலகு) கொண்ட பை சீரோவில் இது மாமாவின் தோட்டத்தில் மூன்று மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நான்கு கோர்கள் கொண்ட பை 4க்கு மாற்றிய பிறகுதான் எல்லாம் தலைகீழானது. இன்னொரு சிறு போர்டிலிருந்து விநாடிக்கு 500 வீதம் 20 விநாடிகளுக்குச் சரியாக 10,000 துடிப்புகளை அனுப்பிப் பார்த்தேன். பெரும்பாலும் 9,952ஐ ஒட்டிய எண்ணே கிடைக்கிறது. ஓர் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது ஒரே ஒரு முறை 10,451 வந்தது. குறைவதையாவது விளங்கிக்கொள்ளலாம், அனுப்பாத துடிப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இரண்டாவதாக, சில வாசிப்புகளில் புதிய நீர்மட்டத்துடன் முந்தைய விநாடியின் கடத்துதிறன் சேர்ந்து வருகிறது. மூன்றாவதாக, யாரோ வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கிணற்றை நீக்கினால் கேர்னல் விழுந்துவிடுகிறது.

எண்ணிக்கு வொலட்டைல் என்ற சி மொழிக் குறிச்சொல்லைப் போட்டேன், பயனில்லை. அதை அற்றோமிக் (இடையில் பிளவுபடாத செயல்களால் மட்டும் தொடப்படுவது) ஆக்கிய பின் 10,451 போன்றது மறுபடி வரவில்லை, ஆனால் 9,952 அப்படியே இருக்கிறது. கடைசியில் ஸ்ட்ரக்டைத் தொடும் நான்கு இடங்களையும் ஒரே ஸ்பின்லொக்கால் (ஒருவர் பிடித்திருக்கையில் மற்றவர் சுழன்று காத்திருக்கும் பூட்டு) மூடினேன். முதலில் 'ஷெட்யூலிங் வைல் அற்றோமிக்' என்று கேர்னல் கத்தியது. சில நிமிடங்களில் போர்டே உறைந்துபோனது. எங்கே பிழை விட்டேன் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.


துலாக்கால் எழுதுகிறார்:

தங்கச்சி, நீங்கள் எண்களைக் குறித்து வைத்தது பெரிய உதவி, ஏனெனில் அந்த எண்களே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

முதலில் 9,952. எண்ணியை வாசிப்பதற்கும் பூச்சியமாக்குவதற்கும் இடையில் கொன்சோலில் ஒரு வரி அச்சிடுகிறீர்கள். சீரியல் வேகம் 1,15,200 என்றால் ஒரு மில்லி விநாடிக்கு ஏறத்தாழ 11 எழுத்துகள் போகும். 60 எழுத்து வரிக்கு 5 மில்லி விநாடி. விநாடிக்கு 500 துடிப்பு வருமிடத்தில், அந்த 5 மில்லி விநாடிக்குள் இரண்டோ மூன்றோ துடிப்புகள் வந்து எண்ணியில் ஏறும். அவற்றை நீங்கள் வாசிக்கவில்லை, ஆனால் அடுத்த வரியில் அழித்துவிடுகிறீர்கள். இருபது விநாடிகளுக்கு இருபது முறை இப்படி நடந்தால் ஐம்பதுக்குக் கிட்டக் காணாமல் போகும். உங்களுக்குக் குறைவது 48.

10,451 வேறு வகை: இரு கோர்கள் ஒரே நினைவிடத்தை ஒழுங்கின்றி ஒருங்கே தொட, அவற்றில் ஒன்றாவது எழுதும் 'டேட்டா ரேஸ்'. ஒன்றால் கூட்டுவது என்பது சி மொழியில் ஒரு குறியாகத் தெரிந்தாலும், பை 4இன் ப்ரொசெசருக்கு அது மூன்று வேலை: நினைவிலிருந்து எடு, கூட்டு, திரும்ப வை. ஹேண்ட்லர் ஒரு கோரில் 502ஐ எடுத்துவிட்டது; அதே கணத்தில் மற்றக் கோரில் உங்கள் வேலை பூச்சியத்தை வைத்தது; பின்னர் ஹேண்ட்லர் 503ஐ அதன் மேல் வைத்தது. பூச்சியமாக்கியது நடவாததுபோல் ஆகிவிட, அந்த விநாடியின் துடிப்புகள் அடுத்த விநாடியிலும் எண்ணப்பட்டன. 10,451இலிருந்து 9,952ஐக் கழியுங்கள்: 499. கிட்டத்தட்ட ஒரு விநாடித் துடிப்பு. அனுப்பாத துடிப்பு எங்கிருந்தும் வரவில்லை, முந்தைய விநாடியே இரண்டாம் முறை வந்தது.

அற்றோமிக் ஆக்கியதும் இரண்டாவது வகை நின்றதற்கும் முதல் வகை நிற்காததற்கும் காரணம் இதுதான். அற்றோமிக் வாசிப்பு பிளவுபடாது, அற்றோமிக் எழுத்தும் பிளவுபடாது. ஆனால் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த சோடி பிளவுபடும். இரண்டையும் ஒரே செயலாக்கும் 'அற்றோமிக் எக்ஸ்சேஞ்ச்' இருக்கிறது. பழைய பெறுமானத்தைத் தந்துகொண்டே பூச்சியத்தை வைக்கும். அதைவிடவும் நல்லது, எண்ணியைப் பூச்சியமாக்கவே வேண்டாம். அது ஏறிக்கொண்டே போகட்டும். சென்ற விநாடி எவ்வளவு இருந்தது என்பதை வேலை தன்னிடம் வைத்துக்கொண்டு கழித்துப் பார்க்கட்டும். 32 பிற் எண்ணி நிரம்பிச் சுற்றினாலும், இரண்டையும் குறியற்ற முழு எண்ணாக எடுத்துக் கழித்தால் விடை சரியாகவே வரும். மின்சார மீற்றரை மாதாமாதம் எவரும் பூச்சியமாக்குவதில்லை அல்லவா.

வொலட்டைலைப் பற்றி ஒரு வார்த்தை. அது நிரலை ப்ரொசெசரின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரைத்தான் கட்டிப்போடும், மற்றக் கோரை அல்ல. கேர்னல் குறியீட்டில் அதைத் தவிர்க்கச் சொல்லி கேர்னலின் ஆவணங்களிலேயே ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. 'ரீட் வன்ஸ்', 'ரைட் வன்ஸ்' இரண்டும் அந்த வேலையை அணுகல் தோறும் செய்கின்றன: கம்பைலர் ஒரு வாசிப்பை இரண்டாக உடைக்காமல், இரண்டை ஒன்றாக்காமல், சுழலுக்கு வெளியே தூக்கி வைக்காமல் பார்த்துக்கொள்ளும். அவையும் இரண்டு வெவ்வேறு புலங்களை ஒட்டிவைக்கமாட்டா.

இனி ஸ்பின்லொக். நீங்கள் நான்கு இடங்களை மூடினேன் என்கிறீர்கள். இடங்களை மூடினீர்களே தவிர, எந்தத் தரவுக்கு அந்த லொக் சொந்தம் என்று யோசிக்கவில்லை. இங்கே பங்குக் கிணறு ஒன்றுக்கு உறுதிப் பத்திரம் எழுதுவதை நினைத்துப் பாருங்கள். இன்ன கிணற்றில் இன்னாருக்கு இத்தனை பங்கு, வாய்க்கால் வழி இது என்று எழுதுவார்களே தவிர, வருகிற ஆளைப் பார்த்து வாசலில் கதவு போடுவதில்லை. ஸ்ட்ரக்டும் அப்படித்தான். ஒவ்வொரு புலத்துக்கும் பக்கத்தில் ஒரு கொமென்ற் வரி எழுதுங்கள்: இதை எழுதுபவர் யார், வாசிப்பவர் யார், எந்த லொக்கின் கீழ். லினக்ஸே இந்தப் பாடத்தை நீண்ட காலம் படித்தது. 1996இல் 2.0 பதிப்புடன் பல ப்ரொசெசர் ஆதரவு வந்தபோது கேர்னல் முழுவதற்கும் ஒரு 'பெரிய லொக்' இருந்தது. அது குறியீட்டைக் காத்ததேயன்றி எந்தத் தரவைக் காக்கிறது என்று எவருக்கும் திட்டமாகத் தெரியாததால், அதைக் கழற்றி முடிக்க 2011இன் 2.6.39 வரை சென்றது.

போர்ட் உறைந்ததற்குக் காரணம்: வேலை ஒரு கோரில் லொக்கைப் பிடித்திருக்கிறது, அதே கோரில் துடிப்பு வந்து ஹேண்ட்லர் ஓடுகிறது, ஹேண்ட்லர் அதே லொக்குக்காகச் சுழல்கிறது, பிடித்தவர் விடுவதற்கு ஹேண்ட்லர் முடிய வேண்டும், ஹேண்ட்லர் முடிவதற்குப் பிடித்தவர் விட வேண்டும். இன்டரப்டும் தொடுகிற லொக் என்றால், மற்ற இடங்களில் 'ஸ்பின் லொக் ஐ.ஆர்.கியூ. சேவ்' கொண்டே பிடிக்க வேண்டும். அது அந்தக் கோரில் இன்டரப்டையும் நிறுத்தி வைக்கும். முதலில் கத்தியது வேறு குற்றம்: ஐ-டூ-சி வாசிப்பு தூங்கக்கூடியது (விடை வரும்வரை கோரை மற்றவருக்கு விட்டுக் காத்திருக்கும்), யூசர் நிரலின் நினைவுக்குக் கொப்பி செய்வதும் தூங்கக்கூடியது, ஸ்பின்லொக்கைப் பிடித்துக்கொண்டு தூங்கக்கூடாது.

சோடி குழம்புவதற்கும் மருந்து எளிது. இரண்டு உணரிகளையும் முதலில் உள்ளூர் மாறிகளுக்கு வாசியுங்கள். இரண்டும் கையில் வந்த பிறகு லொக்கைப் பிடித்து, மட்டம், கடத்துதிறன், நேரம் மூன்றையும் ஒருசேர எழுதி, லொக்கை விடுங்கள். வாசிப்பவரும் லொக்கின் கீழ் மூன்றையும் தனக்கொரு பிரதி எடுத்து, லொக்கை விட்ட பிறகே யூசரிடம் அனுப்பட்டும். நேரத்துக்கு நீங்கள் 64 பிற் எண் வைத்திருந்து, 32 பிற் கேர்னலில் ஓடுகிறீர்கள் என்றால், அந்த ஒரு புலமே இரண்டு துண்டாக எழுதப்படலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். லொக் இருந்தால் அதுவும் அடங்கும்.


தட்டிவான் எழுதுகிறார்:

துலாக்கால் அண்ணை சொன்னதில் பெரும்பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். உப்பாறுக்கு ஸ்பின்லொக்கே தேவையில்லை. ஹேண்ட்லர் தொடுவது எண்ணியை மட்டும். எண்ணி அற்றோமிக் ஆகி, அதை எவரும் பூச்சியமாக்குவதில்லை என்று ஆனவுடன், ஹேண்ட்லருக்கு எந்த லொக்கும் வேண்டாம். மிஞ்சுகிற மூவரும், அதாவது வேர்க்கியூ வேலை, டிவைஸ் கோப்பின் ரீட், சிஸ்-எஃப்எஸ் ஆகியவை, தூங்க அனுமதியுள்ள சூழலில் ஓடுபவர்கள். அவர்களுக்கிடையே தூங்கிக் காத்திருக்கும் பூட்டான ஒரு சாதாரண மியூடெக்ஸ் போதும். இன்டரப்டை நிறுத்தாமல் விடுவது துடிப்பு எண்ணும் கருவிக்கு நல்லதும்கூட.

ஆனால் பை சீரோவில் மூன்று மாதம் குறையின்றி ஓடியது என்ற வாக்கியத்தை உங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம். அங்கே நீங்கள் 10,000 துடிப்பு அனுப்பி எண்ணிப் பார்க்கவில்லை. வாசிப்பதற்கும் பூச்சியமாக்குவதற்கும் இடையே இன்டரப்ட் வருவதற்கு இரண்டாவது கோர் தேவையில்லை. ஒற்றைக் கோரிலும் அந்த வழு இருந்தது, பம்பின் துடிப்பு மெதுவாக வந்ததால் உங்கள் கண்ணில் படவில்லை. 'டேர்ட்டி கவ்' என்ற பெயரில் 2016 ஒக்டோபரில் சீர்செய்யப்பட்ட ரேஸ், 2007இல் வெளிவந்த 2.6.22 இலிருந்தே கேர்னலில் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் உலகமெங்கும் ஓடிய குறியீட்டிலேயே அது பதுங்கியிருந்தது என்றால், மாமாவின் தோட்டத்து மூன்று மாதங்களை வைத்து எதையும் நிறுவ முடியாது.

மூன்றாவது சிக்கல்தான் எனக்கு மிகவும் கவலை தருவது, ஏனெனில் மியூடெக்ஸ் போட்டும் அது தீராமல் போகலாம். உங்கள் ரீட் பங்ஷன் லிஸ்டில் தேடிக் கிணற்றின் பொயின்டரை (அதன் நினைவக முகவரியை) எடுத்து, லிஸ்ட் லொக்கை விட்டுவிட்டு, பிறகு அந்தப் பொயின்டரைப் பயன்படுத்துகிறது என்று ஊகிக்கிறேன். லொக்கை விட்ட அந்தக் கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் இடையில் நீக்குபவர் நினைவை விடுவித்துவிட்டால், கையில் இருப்பது வெறும் முகவரி. லிஸ்டைக் காப்பது ஒரு வேலை, பொருளின் ஆயுளைக் காப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்குக் 'கே-ரெஃப்' எண்ணி இருக்கிறது: லிஸ்ட் லொக்கின் கீழ் பொயின்டரை எடுக்கும்போதே எண்ணியை ஒன்று கூட்டுங்கள், வேலை முடிந்ததும் குறையுங்கள், கடைசியாக விடுபவர் நினைவை விடுவிக்கட்டும்.

நீக்கும் ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் சறுக்குவார்கள். முதலில் லொக்கைப் பிடித்து லிஸ்டிலிருந்து கழற்றுங்கள். இனிப் புதிதாக எவரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. லொக்கை விடுங்கள். பிறகு இன்டரப்ட் ஹேண்ட்லரைக் கழற்றும் 'ஃப்ரீ ஐ.ஆர்.கியூ.', மற்றக் கோரில் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை இந்தப் பங்ஷன் காத்திருக்கும். பிறகு வேர்க்கியூ வேலையை ரத்துச்செய்யும் 'கான்சல் டிலேட் வேர்க் சிங்க்'. இதுவும் ஓடும் வேலை முடியும்வரை காத்திருக்கும். அதற்குப் பிறகே லிஸ்டின் சார்பில் இருந்த கே-ரெஃப்பைக் குறையுங்கள். லொக்கை விடாமல் அந்தக் கான்சலை அழைத்தீர்களானால், வேலை அதே மியூடெக்ஸுக்காக நிற்க, நீங்கள் வேலைக்காக நிற்க, இருவரும் நின்றபடியே நிற்பீர்கள். லொக்குகள் பிடிக்கப்படும் ஒழுங்கைச் சரிபார்க்கும் லொக்டெப்பை இயக்கியிருந்தால் இந்த வகை உறைவை அது நடப்பதற்கு முன்பே எச்சரிக்கும், 2006இல் 2.6.18உடன் வந்த அந்தக் கருவியை இன்றும் பலர் இயக்காமலே ட்ரைவர் எழுதுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விடயம்.

யாராவது வந்து ஆர்.சி.யூ. போடச் சொல்வார்கள், அதனால் முன்கூட்டியே என் கருத்து. 2002இல் 2.5.43இல் வந்த அந்த முறை அழகானது: எழுதுபவர் பழைய பொருளைத் தொடாமல் புதிய பிரதி ஒன்றைத் தயார்செய்து பொயின்டரை மாற்றிவிடுவார், பழையதை வாசித்துக்கொண்டிருப்போர் எல்லோரும் வெளியேறும்வரை பொறுத்திருந்து பழையதை விடுவிப்பார், வாசிப்பவர் எவரும் எந்த லொக்கும் பிடிப்பதில்லை. விநாடிக்கு இலட்சக்கணக்கில் தேடப்படும் ரூட்டிங் அட்டவணைக்கு அது வேண்டும். விநாடிக்கு ஒரு முறை வாசிக்கப்படும் மூன்று கிணறுகளுக்கு வேண்டாம். செயற்றிட்ட நேர்முகத்தில் சொல்வதற்கு நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம் ஆகாது.

ஒன்றை மட்டும் அங்கிருந்து கடன் வாங்குங்கள். கிணற்றைச் சேர்க்கும்போது ஸ்ட்ரக்டின் எல்லாப் புலங்களையும் நிரப்பிய பிறகே லிஸ்டில் இடுங்கள். லொக்கின் கீழ் இட்டு, லொக்கின் கீழ் தேடினால் வேறு கவலையில்லை. லொக் இல்லாமல் பொயின்டரை வெளியிடப்போனால், எழுதிய ஒழுங்கிலேயே மற்றக் கோர் பார்க்கும் என்று நம்ப முடியாது. உங்கள் மடிக்கணினியின் இன்டெல் ப்ரொசெசர் எழுதும் செயல்களின் ஒழுங்கை மாற்றிக் காட்டாது. பை 4இன் ஆர்ம் ப்ரொசெசர் மாற்றிக் காட்டலாம். மடிக்கணினியில் ஓடியது பையில் ஓடாமல் போவதற்கு இது ஒரு வழி.


உப்பாறு எழுதுகிறார்:

துலாக்கால் அண்ணைக்கும் தட்டிவான் அண்ணைக்கும் மிக்க நன்றி. சொன்னபடி மாற்றினேன். எண்ணியைப் பூச்சியமாக்குவதை எடுத்துவிட்டேன். ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டும் ஒவ்வொரு முறையும் 10,000 வருகிறது. சோடியும் குழம்பவில்லை. லிஸ்டுக்கு ஒன்றும் அளவீடுகளுக்கு ஒன்றுமாக இரண்டு மியூடெக்ஸ், ஆயுளுக்குக் கே-ரெஃப். வாசித்துக்கொண்டே நீக்கினாலும் விழவில்லை. தட்டிவான் அண்ணை ஊகித்தது சரி, பொயின்டரை எடுத்த பிறகு லொக்கை விட்டுத்தான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஆனால் புதிதாக ஒன்று. ஸ்ட்ரக்டில் இரண்டு கொடிகள் வைத்திருந்தேன்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பிற். 'பம்ப் ஓடுகிறது' என்பதை ஹேண்ட்லர் ஒவ்வொரு துடிப்பிலும் இடும். 'உவர் எச்சரிக்கை' என்பதை வேலை, மியூடெக்ஸைப் பிடித்துக்கொண்டு, கடத்துதிறன் எல்லையைத் தாண்டும் கணத்தில் ஒரு முறை மட்டும் இடும். மூன்று நாளில் இரண்டு தடவை உவர் எச்சரிக்கை காணாமல் போய்விட்டது. இரண்டு கொடிகளும் வெவ்வேறானவை, ஒவ்வொன்றையும் ஒருவரே எழுதுகிறார். அப்படியிருக்க இதில் போட்டி எங்கே இருக்கிறது?


வலிகாமத்தான் எழுதுகிறார்:

இது என்னையும் ஒரு காலத்தில் ஒரு வாரம் அலைய வைத்த வழு. ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கொடிகள் இரண்டு, ஆனால் நினைவிடம் ஒன்று. சி மொழியில் அடுத்தடுத்து அறிவித்த பிற் புலங்கள் ஒரே பைற்றில் உட்கார்ந்துவிடுகின்றன, தனி ஒரு பிற்றை மட்டும் நினைவில் எழுதும் கட்டளை ப்ரொசெசரிடம் இல்லை. கம்பைலர் செய்வது இதுதான்: முழுப் பைற்றையும் எடுக்கும், வேண்டிய பிற்றை மாற்றும், முழுப் பைற்றையும் திரும்ப வைக்கும். இனி மெதுவாகப் பாருங்கள். பைற்றில் 00 இருக்கிறது. வலப்பக்கம் பம்ப், இடப்பக்கம் உவர். முதலாம் கோரில் ஹேண்ட்லர் 00ஐ எடுக்கிறது. இரண்டாம் கோரில் வேலை 00ஐ எடுத்து, உவர் பிற்றை இட்டு, 10 என்று வைக்கிறது. இப்போது முதலாம் கோர், தான் எடுத்து வைத்திருந்த 00இல் பம்ப் பிற்றை இட்டு, 01 என்று வைக்கிறது. உவர் போய்விட்டது. பம்ப் கொடியை அடுத்த துடிப்பு மறுபடி இட்டுவிடும், ஆகவே அது தொலைந்தாலும் நீங்கள் அறியமாட்டீர்கள். உவர் கொடி எல்லை தாண்டும்போது ஒரு முறை மட்டும் இடப்படுவதால், தொலைந்தது தொலைந்ததுதான். வேலை மியூடெக்ஸைப் பிடித்திருந்தது இங்கே எதற்கும் உதவவில்லை, ஏனெனில் ஹேண்ட்லர் அதைப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது.

துலாக்கால் சொன்ன பங்குக் கிணற்று உவமையில் எனக்கு ஒரு குறை உண்டு, அது இதில்தான் தெரிகிறது. உறுதியில் இரண்டு காணித் துண்டு என்று எழுதியிருந்தாலும் நடுவில் வேலி இல்லையென்றால் இருவர் மண்ணும் ஒன்றுதான். பிற் புலங்களுக்கு இடையே வேலி இல்லை. ஆகவே கொமென்ற் எழுதும்போது புலத்தை மட்டும் பார்க்காமல், அது எந்த நினைவிடத்தைப் பங்குபோடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

திருத்தம் சிறியது. பிற் புலங்களை எடுத்துவிட்டு, 'அன்சைன்ட் லோங்' என்ற குறியற்ற முழு எண் மாறி ஒன்றை வைத்து, 'செற் பிற்', 'கிளியர் பிற்' கொண்டு எழுதுங்கள். அவை எடுத்து மாற்றி வைப்பதை ஒரே அற்றோமிக் செயலாகச் செய்யும். பெயரின் முன்னே இரண்டு அடிக்கோடு உள்ள வடிவங்களைத் தவறியும் எடுத்துவிடாதீர்கள், அவை அற்றோமிக் அல்ல. இரண்டு கொடிகளுக்கு இரண்டு தனி 'பூல்' (உண்மை, பொய் மாறி) வைப்பதும் ஒரு வழிதான்; ஆனால் நாளைக்கு மூன்றாவது கொடி சேர்க்கும் ஒருவர் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மறுபடி பிற் புலமாக்கிவிடுவார்.

இந்த மாதிரி வழுவை மூன்று நாள் காத்திருந்து பிடிக்க வேண்டியதில்லை. 2020இல் 5.8உடன் கேர்னலில் சேர்ந்த 'கே.சி.சான்' என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. கம்பைலர் உங்கள் நினைவு அணுகல்கள் ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு அழைப்பைச் செருகிவிடும். சாதாரண அமைப்பில் ஏறத்தாழ 4,000 அணுகல்களுக்கு ஒன்றைத் தேர்ந்து, அந்த முகவரியில் காவல் வைத்து, அந்தக் கோரை 80 மைக்ரோ விநாடி வரை வேண்டுமென்றே தாமதிக்கும். அந்த இடைவெளியில் வேறொரு கோர் அதே இடத்தைத் தொட்டால் இருவரின் அழைப்புத் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும். தாமதம் வைப்பதுதான் இதன் சூட்சுமம். நனோ விநாடிச் சந்துக்குள் நடப்பதை மைக்ரோ விநாடி அளவுக்கு அகலமாக்கிவிடுகிறது. பை 4இல் 64 பிற் கேர்னலாகக் கட்டுங்கள், 32 பிற் ஆர்முக்கு இது இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். சாதாரண அமைப்பில் அது ப்ரொசெசரின் சொல் அளவுக்குட்பட்ட, ஒழுங்காகச் சீரமைந்த சாதாரண எழுதல்களை அற்றோமிக் என்று எடுத்துக்கொண்டு சிலவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும். கடுமையான அமைப்புக்கு மாற்றிக்கொண்டால் அதையும் சொல்லும். மற்றது, அது பேசாமல் இருந்தால் டேட்டா ரேஸ் அகப்படவில்லை என்று மட்டுமே பொருள். உங்கள் எண்ணியை அற்றோமிக் ஆக்கி, வாசித்து, பூச்சியமாக்கினீர்களே, அந்த வடிவத்தைக் கே.சி.சான் முன் வைத்தால் அது வாய் திறந்திராது. ஒவ்வொரு அணுகலும் முறைப்படி குறியிடப்பட்டது (அற்றோமிக், 'ரீட் வன்ஸ்' போன்றவற்றால் செய்யப்பட்டது). டேட்டா ரேஸ் இல்லை. ஆனாலும் 48 துடிப்பு தொலைந்தது.


உப்பாறு எழுதுகிறார்:

வலிகாமத்தான் அண்ணை, பிற் புலங்களை எடுத்துவிட்டு, திருத்துவதற்கு முந்திய வடிவத்தையும் திருத்திய வடிவத்தையும் கே.சி.சானுடன் ஓடவிட்டேன். பழைய வடிவத்தில் பதினொரு நிமிடத்தில் பிடித்தது. ஒரு பக்கம் ஹேண்ட்லர், மறு பக்கம் வேலை, நீங்கள் சொன்ன அதே பைற். மூன்று நாள் நான் பார்த்துக்கொண்டிருந்ததை நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது.

புதிய வடிவத்தில் ஒரே ஓர் அறிக்கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஐ-டூ-சி வாசிப்பு தோல்வியடைந்த தடவைகளை எண்ணும் புலம் ஒன்று உண்டு. வேலை அதை அளவீட்டு மியூடெக்ஸின் கீழ் கூட்டுகிறது. சிஸ்-எஃப்எஸ்இல் அதைக் காட்டும் பங்ஷன் லொக் எதுவும் பிடிக்காமல் வாசித்து அச்சிடுகிறது. நான் கண்ணால் பார்ப்பதற்கு மட்டுமே அது. ஒன்று முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. இதற்கும் மியூடெக்ஸ் பிடிக்க வேண்டுமா, அல்லது இரு பக்கமும் 'ரீட் வன்ஸ்', 'ரைட் வன்ஸ்' போட்டுவிடலாமா?


துலாக்கால் எழுதுகிறார்:

இரண்டும் செல்லும், தங்கச்சி. ஆனால் எழுதும் பக்கத்தில் 'ரைட் வன்ஸ்' போடுவதை நான் விரும்பமாட்டேன். அந்தப் புலத்தை மியூடெக்ஸின் கீழ் மட்டுமே கூட்ட வேண்டும் என்பதுதான் விதி. நீங்கள் அதைக் குறியிட்டுவிட்டால், நாளைக்கு வேறொருவர் மியூடெக்ஸ் இல்லாமல் அதே முறையில் கூட்டும்போது, இருவரும் குறியிட்டிருப்பதால் கே.சி.சான் பேசாமல் இருந்துவிடும். எழுத்தைச் சாதாரணமாகவே விட்டு, வாசிக்கும் பக்கத்தை மட்டும் 'டேட்டா ரேஸ்' என்ற பெயரிலேயே உள்ள மக்ரோவால் சுற்றுங்கள். இந்த ஒரு வாசிப்பு போட்டியிடும் என்று தெரிந்தே செய்கிறேன் என்பது அதன் பொருள். கள்ள எழுத்தாளர் எவரும் வந்தால் கருவி அப்போதும் பிடிக்கும்.

புலத்தின் பக்கத்துக் கொமென்ற்றையும் அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்: எழுதுவது அளவீட்டு மியூடெக்ஸின் கீழ்; காட்டுவதற்கு மட்டும் லொக் இல்லாத வாசிப்பு.